வெயிலை மருந்தாகக் கொடுத்த ஊரும் வெயில் ஆகாத குழந்தையும்

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் எலக்ட்ரிக் ட்ரெயினில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வரும். தாம்பரம் சானடோரியம். தினமும் எத்தனையோ பேர் ஏறி இறங்கும் இடம். "சானடோரியம்னா என்ன?" என்று கேட்டால், "அது ஸ்டேஷன் பேருங்க" என்று பதில் வந்தாலும் ஆச்சரியமில்லை.

சானடோரியம் என்பது காசநோய்க்காரர்கள் மாதக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் இங்கே அதை ஆரம்பித்தார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்திய அனுபவம் அவருக்கு உண்டு. 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருப்பது அதுதான்.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஊசி மாத்திரை எதுவும் கிடையாது. சானடோரியங்களின் மருந்துச் சீட்டு நான்கே வரிதான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, வெயில்.

வெயிலா மருந்து என்று சிரிக்க வேண்டாம். சூரிய ஒளி பட்டால் காசநோய்க் கிருமி செத்துப்போகும் என்று ராபர்ட் கோக் 1890-லேயே சொல்லிவிட்டார். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திக் காட்டிய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்செனுக்கு 1903-ல் நோபல் பரிசே கிடைத்தது.

சரி, வெயில் ஏன் கிருமியைக் கொல்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், அது காசநோயை விட்டு விலகி, வெயில் என்றாலே ஆகாத ஒரு குழந்தையின் வீட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள்

வெயிலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் தவிர புற ஊதாக் கதிர்களும் உண்டு. இவை செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட மிக நீண்ட புத்தகம். அதில் டி, சி ஆகிய எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் ஆபத்து. புற ஊதாக் கதிர் பட்டதும் பக்கத்தில் இருக்கும் இரண்டும் பசை போட்டதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைச் செல்லால் படிக்கவும் முடியாது, சரியாக நகல் எடுக்கவும் முடியாது. நகல் எடுக்க முடியாத கிருமி பெருக முடியாமல் சாகிறது. வெயில் மருந்தான கதை இவ்வளவுதான்.

ஆனால் அதே வெயில் கட்டிலில் படுத்திருந்த நோயாளியின் தோலிலும் பட்டதே? கிருமியின் டி.என்.ஏ.வை ஒட்டவைத்த கதிர், மனிதர் டி.என்.ஏ.வை மட்டும் பார்த்துப் பதமாக விலகிப் போகுமா?

போகாது. வெயிலில் நிற்கும் எல்லோர் தோலிலும் இந்த ஒட்டல் நடக்கிறது. ஒரு நாள் நல்ல வெயிலில் நின்றால், ஒரே ஒரு தோல் செல்லுக்குள் இப்படிப் பல்லாயிரம் பழுதுகள் விழக்கூடும். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் மதியம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் முகத்திலும் இந்த நிமிடம் நடப்பது அதுதான். அப்படியிருந்தும் அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றால், காரணம் ஒன்றுதான். செல்லுக்குள் பழுது பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

தண்டவாளமும் கேங்மேன்களும்

இந்தப் பழுதுபார்ப்பைப் புரிந்துகொள்ள தாம்பரம் ரயில் பாதையே போதும். கேங்மேன்கள் தண்டவாளத்தின் மேல் நடந்து போய்ப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் தண்டவாளம் கெட்டிருந்தால், அந்த ஒரு புள்ளியை மட்டும் தட்டிக்கொட்டி விடுவதில்லை. இரண்டு பக்கமும் வெட்டி அந்தத் துண்டையே எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போட்டு இணைப்பார்கள்.

செல்லுக்குள்ளும் அதே வேலைதான். ஒரு புரதம் டி.என்.ஏ.வை மேற்பார்வை பார்த்து வளைந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இன்னொன்று அதற்கு உதவுகிறது. வேறு இரண்டு சேர்ந்து, முறுக்கிய இரண்டு இழைகளையும் அந்த இடத்தில் பிரித்துவிடுகின்றன. ஒன்று, "இடம் இதுதானா?" என்று சரிபார்க்கிறது. பிறகு இரண்டு கத்திரிக்கோல்கள் வந்து பழுதின் இரு பக்கமும் வெட்டுகின்றன. சுமார் 30 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு கழன்று விழுகிறது. எதிர் இழையைப் பார்த்துப் புதுத் துண்டு எழுதி ஒட்டப்படுகிறது. ட்ரெயின் ஓடலாம்.

மனித செல்லில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியவர் துருக்கியில் பிறந்த அஸீஸ் சன்ஜார். 2015-ல் வேதியியல் நோபல் பரிசு டி.என்.ஏ. பழுதுபார்ப்புக்காக அவருக்கும், தோமஸ் லிண்டால், பால் மாட்ரிச் ஆகியோருக்கும் பகிர்ந்து தரப்பட்டது. ஒளி குணப்படுத்தும் என்று காட்டியதற்கு 1903-ல் ஒரு நோபல். ஒளி செய்யும் சேதத்தை உடம்பு எப்படிச் சரிசெய்கிறது என்று காட்டியதற்கும் 2015-ல் ஒரு நோபல்!

இந்தக் கேங்மேன் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் பிறவியிலேயே இல்லை என்றால்?

அந்த நோய்க்குப் பெயர் ஜீரோடெர்மா பிக்மென்டோசம். சுருக்கமாக எக்ஸ்.பி. "வறண்ட, நிறம் மாறிய தோல்" என்று பொருள். 1870-களில் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி இதை முதலில் விவரித்தார். காரணம் தெரிய நூறு வருஷம் ஆனது. ஜேம்ஸ் கிளீவர் என்ற விஞ்ஞானி செய்தித்தாளில் இந்த நோயைப் பற்றிப் படித்தார். அவர் அப்போது டி.என்.ஏ. பழுதுபார்ப்பைப் பற்றித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயாளிகளின் தோல் செல்களை வாங்கிப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். சாதாரண செல்கள் பழுதைச் சரிசெய்தன. இந்த செல்களால் முடியவில்லை. 1968-ல் அது வெளியானது.

இன்று இந்த நோயில் எட்டு வகைகள் தெரியும். ஏ முதல் ஜி வரை ஏழும், கேங்மேன் கூட்டத்தில் யார் இல்லை என்பதைப் பொறுத்தவை. எட்டாவதான "வி" வகையில் கூட்டம் முழுசாக இருக்கும். ஆனால் பழுது இருக்கும் இடத்தைத் தப்பில்லாமல் தாண்டி நகல் எடுக்கும் ஒரு தனி நொதி இருக்காது. இதை 1999-ல் கண்டுபிடித்தார்கள்.

வெயிலின் கைரேகை

பழுது சரியாகாமல் தங்கிவிட்டால் என்ன ஆகும்? சில செல்கள் செத்துப்போகும். அது பரவாயில்லை. சாகாமல் எப்படியோ நகல் எடுத்துவிடும் செல்கள்தான் பிரச்சினை. ஒட்டிக்கொண்ட எழுத்தைச் சரியாகப் படிக்க முடியாமல், சி இருந்த இடத்தில் டி என்று எழுதிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சி இருந்தால் இரண்டுமே டி ஆகிவிடுவதும் உண்டு. இந்த இரட்டை மாற்றத்தை வேறு காரணங்கள் ஏற்படுத்துவது மிக அபூர்வம். ஆகவே ஒரு கட்டியின் டி.என்.ஏ.வில் இது நிறைய இருந்தால், "இங்கே வந்து போனது வெயில்தான்" என்று சொல்லிவிடலாம். திருடன் விட்டுப்போன கைரேகை மாதிரி.

இந்தக் கைரேகை பதியும் இடங்களில் முக்கியமானது பி53 என்ற மரபணு. டி.என்.ஏ. கெட்டுப்போன செல்லை மேலே வளரவிடாமல் நிறுத்தும் காவல்காரன் அது. சாதாரண மக்களுக்கு வரும் தோல் புற்றுநோயில் பி53 மேல் வெயிலின் கைரேகை இருப்பதை 1991-ல் டக்ளஸ் பிராஷ் குழுவினர் காட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து எக்ஸ்.பி. நோயாளிகளின் கட்டிகளைப் பார்த்தபோது, அந்த இரட்டை மாற்றம் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. முதலில் பழுது பார்க்க ஆள் இல்லை. பிறகு காவல்காரனும் இல்லை. கட்டி வளர வேறென்ன வேண்டும்?

எண்களைப் பார்த்தால் மனசு கனக்கும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1971 முதல் 2009 வரை 106 நோயாளிகளைக் கவனித்து வந்தது. 20 வயதுக்குள் இவர்களுக்குச் சாதாரண வகைத் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைப் போல 10,000 மடங்கு. மெலனோமா என்ற கொடிய வகைக்கு 2,000 மடங்கு. பொதுமக்களுக்கு அறுபதைத் தாண்டி வரும் தோல் புற்றுநோய், இவர்களில் அது வந்தவர்களில் பாதிப் பேருக்கு 9 வயதுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒன்பது வயது... நாலாங்கிளாஸ் படிக்கும் வயது!

முகம், உதடு, கண் இமை, கண்ணின் வெளிப்பரப்பு, ஏன், நாக்கின் நுனியில்கூடக் கட்டி வரும். வெயில் எங்கெல்லாம் எட்டுமோ அங்கெல்லாம். சுமார் கால்வாசிப் பேருக்கு நரம்புகளும் மெதுவாகக் கெட்டு, காது கேட்பதும் நடப்பதும் குறைந்துகொண்டே போகும்.

"நம்ம ஊர்க்காரங்க கறுப்பு, தோல் புற்றுநோயெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தான்" என்று ஒரு பேச்சு உண்டு. சாதாரணத் தோலைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கறுப்பு நிறம் ஒரு குடை. ஆனால் ஓட்டைகளை அடைக்க ஆளே இல்லாத வீட்டில், ஒரு குடை எத்தனை மழைக்குத் தாங்கும்? எக்ஸ்.பி. எல்லா நிறத்தவருக்கும் வருகிறது. இந்தியாவிலும் தோல் மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

மாமன் மகளும் ஒரு கணக்கும்

இந்த நோய் வர, கெட்ட மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் நோய் கிடையாது. இருப்பது தெரியவும் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சம் பிறப்பில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் என்று வைத்துக்கொண்டால், சுமார் 500 பேரில் ஒருவர் இந்த மரபணுவைச் சத்தமில்லாமல் சுமக்கிறார். அப்படிச் சுமக்கும் ஒருவர் அசலில் பெண் எடுத்தால், அந்தப் பெண்ணும் சுமப்பவராக இருக்க வாய்ப்பு 500-ல் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால், அது எட்டில் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால், நான்கில் ஒன்று. இருவருமே சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக, அசலில் 2,000-ல் ஒன்றாக இருந்த ஆபத்து, அக்கா மகள் என்றால் 16-ல் ஒன்றாகிவிடுகிறது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. "சொத்து வெளியே போகக் கூடாது" என்று செய்யும் கல்யாணத்தில், வீட்டுக்குள்ளேயே தங்கிவிடக் கூடாத ஒன்றும் தங்கிவிடுகிறது.

ஆனால் ஒன்று. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன. அசலில் கட்டியவர்களுக்கும் எக்ஸ்.பி. குழந்தை பிறப்பதுண்டு. ஆகவே இது யாரையும், குறிப்பாகப் பெற்றவளை, குற்றம் சொல்வதற்கான கணக்கு அல்ல. "கிரகணத்தில வெளிய போனியா?" என்று அவளைக் கேட்கும் உறவுக்காரர்களுக்கு, இரண்டு பக்கமும் பாதிப் பாதிதான் என்று சொல்வதற்கான கணக்கு.

சேலையூரில் ஒரு குழந்தை

இப்போது கற்பனையாக ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் வீடு. பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. பத்து நிமிஷம் காலை வெயிலில் காட்டினால் முகம் சிவந்து கொப்பளிக்கிறது. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்காமல் அழுகிறது. ஒன்றரை வயதில் முகத்திலும் கையிலும் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். "சூட்டு உடம்பு, நல்லா எண்ணெய் தேய்ச்சு வெயில்ல உக்கார வை, சரியாயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் இந்தக் குழந்தைக்கு அது விஷம்.

எல்லாக் குழந்தைக்கும் கொப்பளிக்காது என்பது இன்னும் மோசம். சுமார் பாதிப் பேருக்கு வெயில் சுடுவதே தெரியாது, புள்ளிகள் மட்டும் வரும். வலி இல்லாததால் யாரும் கவலைப்படுவதில்லை. கதிரோ கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கில் வரவு மட்டும்தான், கழித்தலே கிடையாது.

குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. காலை ஒன்பது மணிக்கு மைதானத்தில் பிரேயர். பி.டி. பீரியடில் வெயிலில் ஓட்டம். வகுப்பில் ஜன்னலோர இடம். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். மேகம் போட்டிருக்கிறதே என்றால், மேகத்தையும் தாண்டி வரும். சென்னை இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் மதியச் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். நிழல்கூடக் காலடியில் ஒளிந்துகொள்ளும் ஊரில், ஒரு குழந்தை எங்கே போய் ஒளியும்?

மருந்து உண்டா? குணப்படுத்தும் மருந்து இல்லை. வந்த கட்டியை வெட்டி எடுக்கலாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை ஐந்து நோயாளிகளுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-ல் வெளியானது. புதுக் கட்டிகள் 63 சதவீதம் குறைந்தன. ஆனால் பக்கவிளைவு கடுமை, நிறுத்தியதும் கட்டிகள் திரும்பி வந்தன. சமீப வருஷங்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் சில நோயாளிகளின் பெரிய கட்டிகளைச் சுருக்கியிருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் முதல் மருந்து நிழல்தான்.

அந்த நிழல் விலை அதிகமில்லாதது. முழுக்கை சட்டை, தொப்பி, கண்ணாடி, சன்ஸ்கிரீன். ஜன்னலுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம். டியூப்லைட்டுக்குப் பதில் எல்.இ.டி. பல்பு. வெயில் படாததால் குறையும் வைட்டமின் டி-க்கு மாத்திரை. சில மாதங்களுக்கு ஒருமுறை தோல் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் காட்டுவது. சின்னதாக இருக்கும்போதே கட்டியைப் பிடித்துவிட்டால் முகம் மிஞ்சும், கண் மிஞ்சும், உயிரும் மிஞ்சும். பழுது சேர்ந்தது சேர்ந்ததுதான். ஆனால் இரண்டு வயதில் கண்டுபிடித்து மூடிவைத்த தோலும், பத்து வயதில் கண்டுபிடித்த தோலும் ஒன்றல்ல.

ஆகவே இரண்டு வயதுக்குள் முகத்தில் கரும்புள்ளிகள் நிறைய வந்தாலோ, கொஞ்ச வெயிலுக்கே குழந்தை கொப்பளித்தாலோ, வெளிச்சத்தைக் கண்டு அழுதாலோ, "சூட்டு உடம்பு" என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. தாம்பரத்துக்காரர்களுக்குத் தெற்கே செங்கல்பட்டு, வடக்கே சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி மருத்துவமனை. இரண்டுக்கும் மின்சார ரயிலிலேயே போகலாம். கட்டி வந்துவிட்டால், 1954 முதல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

இதெல்லாம் வீட்டார் செய்யக்கூடியது. மிச்சத்தை வெளியில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். "யூனிஃபார்ம்ல தொப்பி கிடையாது, கழட்டு" என்று சொல்லாத ஒரு ஆசிரியை. ஜன்னலோரத்திலிருந்து உள்ளே மாற்றிப் போட்ட ஒரு பெஞ்ச். பிரேயர் நேரத்தில் வகுப்பிலேயே இருக்க ஒரு அனுமதி. பி.டி. பீரியடில் உள்ளே ஒரு கேரம் போர்டு, கூட ஆட ஒரு நண்பன். அமெரிக்காவில் இந்தக் குழந்தைகளுக்காகவே கேம்ப் சன்டவுன் என்ற இரவு முகாமைப் பெற்றோர்கள் 1990-களில் தொடங்கினார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் விளையாட்டே ஆரம்பம். தாம்பரத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். இருட்டிய பிறகு சண்முகம் ரோடு மார்க்கெட்டில் அந்தக் குழந்தை அப்பா கையைப் பிடித்து நடந்தால், "பகல்லெல்லாம் எங்க போச்சு இது?" என்று முறைத்துப் பார்க்காமல் இருந்தால் போதும்.

காசநோய்க்கு வெயில் இப்போது மருந்தில்லை. அதை முடித்துவைத்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. சானடோரியத்தில் படுத்துக்கிடந்தாலும் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் குணம் ஒன்றுதான் என்று 1959-ல் வெளியான சென்னை ஆய்வு உலகத்துக்கே காட்டியது. மாத்திரை வந்தது, வெயில் போனது, ஸ்டேஷன் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆனால் அந்தப் பெயரில் ஒரு ஞாபகம் இருக்கிறது. நோயாளிகளுக்குக் காற்றும் வெயிலும் தேவை என்று தெரிந்தபோது, இடம் தேடி, கட்டடம் கட்டி, ஒரு ஸ்டேஷனுக்கே அந்தப் பெயரை வைத்த ஊர் இது. அன்று வெயிலை ஏற்பாடு செய்த ஊருக்கு, ஒரே ஒரு குழந்தைக்காகக் கொஞ்சம் நிழலை ஏற்பாடு செய்வது கஷ்டமா என்ன?